நமக்குக் கிடைத்த தலைமுறை

“காலம் கெட்டுக் கிடக்கிறது, சாமி.” பங்கு இல்லத்துத் திண்ணையில் இச்சொல்லைக் கேளாத வாரம் இல்லை. சொல்பவர்கள் வீண்பேச்சுக்காரர்கள் அல்லர். மழை பொய்க்கிறது; ஆழ்துளைக் கிணறு தோண்டினால் புழுதிதான் மேலே வருகிறது; வெங்காயம் விளைந்த ஆண்டில் விலை இல்லை, விலை உள்ள ஆண்டில் வெங்காயம் இல்லை. திருப்பூருக்கு வேலைக்குச் சென்ற மகன், ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு இருக்கிறது என்கிறான். 2023 மே மாதம் மணிப்பூரில் ஆலயங்கள் எரிக்கப்பட்ட செய்தியைப் படித்த பெரியவர் ஒருவர், தம் பேரப்பிள்ளைகள் நாலு பேர் பார்க்கச் சிலுவை அடையாளம் வரைவார்களா என்று என்னிடம் கேட்டார். அக்கேள்வியைச் சிரித்து ஒதுக்க இயலவில்லை.

ஆயினும் அன்பர்களே, இச்சொல்லின் நிழலில் இன்னொரு சொல் ஒளிந்து நிற்பதைப் பல முறை கவனித்திருக்கிறேன். ‘காலம் நல்லபடியாக ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்பதே அது. மாலைச் செபம், பிள்ளைகளின் ஞானோபதேசம், பக்கத்துத் தெரு நோயாளியைப் பார்த்து வருதல், பங்குப் பேரவையில் ஒரு பொறுப்பை ஏற்றல் ஆகிய எல்லாம் அந்த நல்ல காலத்தை எதிர்நோக்கிக் காத்துக் கிடக்கின்றன.

திருத்தூதர் பணிகள் நூலின் 13-ம் அதிகாரத்தில், பிசீதியா நாட்டு அந்தியோக்கியாவின் தொழுகைக்கூடத்தில் பவுலடியார் நீண்டதோர் உரை ஆற்றுகிறார். நடுவே தாவீது அரசரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு வருகிறது. தாவீது தம் தலைமுறையில் இறைவனின் திட்டத்துக்கு ஊழியம் செய்தார், பின்பு இறந்து தம் முன்னோரோடு அடக்கம் செய்யப்பட்டார் என்கிறார், அவ்வளவே. வாசகம் கேட்போர் இவ்வரியைக் கடந்து போய்விடுவர். எனக்கோ, தம் தலைமுறையில் என்பதே அங்கே கனமான சொல்லாகப் படுகிறது. தாவீதுக்கு வாய்த்த தலைமுறை இனிமையானதா? பிலிஸ்தியர் படை ஒருபுறம், மாமனாரின் ஈட்டி ஒருபுறம், பெற்ற மகனின் கலகம் ஒருபுறம். அது அவர் தேர்ந்தெடுத்த தலைமுறை அன்று. அவருக்குக் கொடுக்கப்பட்ட தலைமுறை.

இதனைக் கற்க யூதேயா வரை போக வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் சமவெளியிலேயே நம் முன்னோர் இதனை வாழ்ந்து காட்டியிருக்கின்றனர். அவர்கள் கதை நமக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பது என் வருத்தம்.

தத்துவ போதகர் 1606-ல் மதுரைக்கு வந்ததை நாம் அறிவோம். அருளானந்தர் 1693-ல் ஓரியூரில் குருதி சிந்தியதை அறிவோம். வீரமாமுனிவரையோ சொல்லவே வேண்டாம்; அவர் பெயர் தாங்கிய சேசு சபை இல்லம் நம் நகரிலேயே இருக்கிறது. இதன்பின் நம் பங்கு மலர்கள் ஒரே தாவாக 1838-க்குத் தாவி, பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குருக்கள் வந்து மதுரை மறைத்தளத்தை மீண்டும் தொடங்கினர் என்று எழுதுகின்றன. அதற்கு இடைப்பட்ட காலம் எங்கே போயிற்று? அங்கே பீடமேறிய புனிதரோ, காவியம் பாடிய புலவரோ இல்லை. ஆகையால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

நின்று பார்த்தால் தெரிவது இது. 1759-ல் போர்த்துக்கல் அரசின் அமைச்சர் பொம்பால் பிரபு, அவ்வரசின் எல்லைகளிலிருந்து சேசு சபையாரை வெளியேற்றினார். கோவாவில் இருந்த குருக்கள் கைதாகி லிஸ்பன் சிறைகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர். தமிழகத்தின் உட்பகுதியில் இருந்தவர்கள் தப்பினர்; ஆனால் அவர்களுக்குப் பணமும் வரவில்லை, புதிய ஆட்களும் வரவில்லை. 1773 ஜூலை 21-ல் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து சேசு சபையையே கலைத்தார். இங்கே எஞ்சியிருந்த முதிய குருக்கள் ஒவ்வொருவராக மண்ணுக்குள் போயினர். கோவாவிலிருந்து ஓரிருவரும், பாண்டிச்சேரியில் பொறுப்பேற்ற பாரிஸ் வேதபோதக சபையினருள் ஓரிருவரும் வந்து போயினர். இத்தனை பெரிய நிலப்பரப்புக்கு அது கடலில் கரைத்த பெருங்காயமே.

அதே காலத்தில் நாட்டு நிலைமை என்ன? 1755-ல் ஐதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். அதன்பின் நம் மலைக்கோட்டை 1767-ல் ஆங்கிலேயர் கைக்கு, 1768-ல் மீண்டும் ஐதர் கைக்கு, 1783-ல் ஆங்கிலேயர் கைக்கு, 1784-ல் மங்களூர் உடன்படிக்கையால் திப்பு சுல்தான் கைக்கு, 1790-ல் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு என்று 23 ஆண்டுகளில் ஐந்து முறை மாறியது. கோட்டை கைமாறும்போது சுற்றியுள்ள ஊர்களின் நெற்குதிரும் மாட்டுத்தொழுவமும் என்ன ஆகும் என்பதை உழவர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1780-ல் தொடங்கிய போர் கர்நாடகப் பகுதி முழுவதிலும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. 1792-ல் இப்பகுதி கும்பினிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட பின்பும் அமைதி வரவில்லை. பாளையக்காரர் போர் மூண்டு, விருப்பாச்சி கோபால் நாயக்கர் 1801-ல் தூக்கிலிடப்பட்டார். 1809 முதல் 1811 வரை கோவை, மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளில் விடாக்காய்ச்சல் பரவி ஊர் ஊராக மக்களை வாரிச் சென்றது.

இவ்வளவுக்கும் நடுவில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தது யார்? சாகக் கிடந்தவரின் காதில் செபம் சொன்னது யார்? கல்லறைக்கு முன்னே சிலுவை தூக்கி நடந்தது யார்? உபதேசியார்.

உபதேசியார் என்றால், குருவானவருக்குக் குடை பிடித்துப் பின்னால் வருபவர் என்றே இன்று பலர் எண்ணுகின்றனர். மதுரை மறைத்தளத்தில் அவர் அப்படிப்பட்டவர் அல்லர். குருவானவர் ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலே பெரிது. மற்றை நாள்களில் அவ்வூரின் திருச்சபை உபதேசியாரின் குரலில்தான் வாழ்ந்தது. ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்வார். புதிதாய் மறையில் சேர விரும்பியோருக்குக் கற்பிப்பார். சாகும் நிலையில் உள்ள சிசுவின் தலையில் தண்ணீர் ஊற்றுவார். சண்டையிட்ட அண்ணன் தம்பிகளை உட்கார வைத்துப் பேசுவார். வீரமாமுனிவர் இவர்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். தேம்பாவணியைப் புகழ்ந்து மேடைதோறும் பேசுகிறோம், தவறில்லை. ஆனால் அப்பெரும் புலவர் எழுத்தாணியைக் கீழே வைக்காமல், செய்யுளை விட்டு, எளிய உபதேசியார்களுக்காக ஒரு வழிகாட்டியும் எழுதினாரே, அவருடைய தீர்க்கதரிசனம் அங்கேதான் இருக்கிறது என்பேன். அவர் 1747-ல் மறைந்தார். பன்னிரண்டே ஆண்டுகளில் குருக்களின் வரத்து அற்றுப்போயிற்று. வேதியர்கள் எஞ்சினர்.

அவர்கள் கையில் இருந்தவை மிகக் கொஞ்சம். மனப்பாடமான செபங்கள், குறிப்பிடத்தின் கேள்வி பதில்கள், ஒரு பாடுபட்ட சுரூபம், கிழமைகளையும் திருநாள்களையும் கணக்கிடும் அறிவு. நற்கருணை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. குருவானவர் இல்லாதபோது உத்தம மனஸ்தாபப்பட்டு இறைவனின் மன்னிப்பைக் கேள் என்று கற்பித்தனர். தேவையின்போது எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்ற திருச்சபையின் பழைய போதனையைப் பற்றிக்கொண்டனர். இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 861-ம் எண்ணும் அதனையே சொல்கிறது.

எல்லாரும் நிலைத்து நின்றார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. பல ஊர்களில் விளக்கு அணைந்தது. பசியில் ஊரை விட்டுப் போனவர்கள் விசுவாசத்தையும் விட்டுப் போயினர். சிலர் வேறு சபைகளில் சேர்ந்தனர். மைசூர்ப் பகுதியிலும் தமிழகத்திலும் ஏறக்குறைய 31 ஆண்டுகள் உழைத்த துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு, இந்நாட்டில் கிறிஸ்தவம் தேய்ந்து வருகிறது, மக்களை மனந்திருப்புவது ஆகாத காரியம் என்று முடிவு கட்டி, அவ்வண்ணமே நூலும் எழுதி 1823-ல் வெளியிட்டு, பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அம்மை குத்தும் முறையை மக்களிடையே பரப்பிய நல்லவர், கற்றவர், கண்ணால் கண்டதையே எழுதினார். கணக்குப் பார்த்தால் அவர் கணக்குச் சரிதான். ஆனால் அதே 1823-ல் ஏதோ ஒரு பட்டியில், துபுவாவின் நூலைப் படிக்கும் ஆங்கிலமும் அறியாத ஓர் உபதேசியார், மாலை இருட்டியதும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சிலுவை அடையாளம் வரையக் கற்பித்துக்கொண்டிருந்தார். பதினைந்து ஆண்டுகள் கழித்துக் குருக்கள் மீண்டும் வந்தபோது, அவர்கள் வெறுங்காட்டுக்கு வரவில்லை. செபம் தெரிந்த மக்களிடம் வந்தனர். துபுவா 1848 வரை வாழ்ந்திருந்தார்.

1795-ல் கண்மூடிய ஓர் உபதேசியாரை எண்ணிப் பாருங்கள். குருக்கள் திரும்பி வருவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. 1814-ல் சேசு சபை மீண்டும் நிறுவப்படும் என்பதும் தெரியாது. 1866-ல் தொடங்கி 1872-ல் முடிந்த நம் புனித வளனார் பேராலயத்தின் கோபுரங்களை அவர் கனவிலும் கண்டிருக்கமாட்டார். 2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆகும் என்று எவராவது அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். தொடக்கத்தையும் அவர் காணவில்லை, முடிவையும் காணவில்லை, நடுவில் இருந்தார். நடுவில் இருப்பவர்களுக்கு அது நடு என்பதும் தெரிவதில்லை. முடிந்துவிட்டது என்றே தோன்றும்.

கடலுக்கு அப்பால் நம் இனத்தாருக்கும் இதே நிலை வந்தது. 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, கத்தோலிக்கக் குருக்களை விரட்டி, அவர்களுக்கு இடம் கொடுப்பதையும் குற்றமாக்கினர். 29 ஆண்டுகள் அம்மக்கள் குருவின்றி இருந்தனர். 1687-ல் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகள் கூலியாளின் கோலத்தில் கரையேறினார். யார் கத்தோலிக்கர் என்று கேட்கவும் முடியாது. கேட்டால் காட்டிக் கொடுத்துவிடுவர். கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அதைக் கண்டு முகம் மாறியவர்களே அவருக்கு அடையாளம். அவர் செய்த அறிவுள்ள காரியம் மற்றொன்று உண்டு. தாம் எப்பொழுதும் ஓரிடத்தில் இருக்க முடியாது என்பதை உணர்ந்து, போகும் ஊரிலெல்லாம் மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரைப் பொறுப்பில் அமர்த்திச் சென்றார். அவருக்குப்பின் உழைத்த சாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ இன்றும் ஈழத்தில் தவக்காலத்தில் வாசிக்கப்படுகிறது. வாஸ் அடிகள் 1711-ல் இறந்தார்; 2015 ஜனவரி 14-ல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

சப்பான் நாட்டிலோ இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவே இல்லை. 1865-ல் நாகசாகியில் புதிதாய்க் கட்டிய ஆலயத்துக்கு ஊராகமி கிராமத்து மக்கள் மெல்ல வந்து, மரியன்னையின் சுரூபம் எங்கே என்று விசாரித்தபோது, அங்கிருந்த பிரெஞ்சுக் குரு திகைத்து நின்றார். ஒவ்வோர் ஊரிலும் திருமுழுக்குக் கொடுக்க ஒருவர், திருநாள் கணக்குப் பார்க்க ஒருவர் என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் வைத்திருந்தனர்.

நம் ஊர்க் கதைக்கே திரும்புவோம். 1838-க்குப் பின் எல்லாம் இனிதாயிற்று என்று நினைத்துவிட வேண்டாம். வந்த இளங்குருக்களுள் பலர் சில ஆண்டுகளுக்குள்ளேயே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாயினர். அதைவிடக் கொடியது ஒன்று. கோவாவின் குருக்களா, உரோமை அனுப்பிய குருக்களா என்ற அதிகாரச் சண்டை ஊர்களை இரண்டாகப் பிளந்தது. ஒரு கோயிலுக்கு இரு சாமியார்கள், ஒரு தெருவுக்கு இரு கட்சிகள். 1886-ல் செய்யப்பட்ட உடன்படிக்கைவரை அப்புகைச்சல் முழுதும் தணியவில்லை. ஐதரின் குதிரைப்படைக்குத் தாக்குப்பிடித்த விசுவாசம், நம் சொந்த வீட்டுச் சண்டையில் அதிகம் வாடியது என்றே நினைக்கிறேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. செபங்களைக் காத்துத் தந்த அதே முன்னோர், சாதியையும் காத்துத் தந்தனர். தெருவிலும் கல்லறையிலும் அது இன்றும் சில ஊர்களில் நின்றுகொண்டிருக்கிறது. அவர்கள் தலைமுறையில் செய்யாமல் விட்ட வேலை அது. அது நம் தலைமுறையின் பங்காக வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கும் நல்ல காலம் பிறக்கட்டும் என்று சொல்வோமானால், நம் பேரப்பிள்ளைகளுக்கு அதையே சீதனமாகக் கொடுக்கிறோம்.

குருவில்லாத காலம் எப்படி இருக்கும் என்பதை நாமும் சிறிது சுவைத்தோம். 2020 மார்ச் 25-ல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 12-ம் நாள் உயிர்ப்புத் திருவிழா; ஆலயக் கதவுகள் அடைத்திருந்தன. வெற்று இருக்கைகளைப் பார்த்து நான் பூசை வைத்தேன். சில வீடுகளில் தொலைக்காட்சித் திருப்பலியின் முன் குடும்பமாக முழந்தாளிட்டனர். சில வீடுகளில் தொலைக்காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எந்த வீட்டில் செபம் சொல்ல ஓர் ஆள் ஏற்கெனவே இருந்தாரோ, அந்த வீட்டில் செபம் நடந்தது. அதற்கு மேல் அதில் மறைபொருள் ஒன்றும் இல்லை.

எங்கள் கிளைக்கிராமம் ஒன்றில், நூற்பாலைக்கு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர். எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஊரடங்கின்போது தம் வீட்டு வாசலில் அமர்ந்து உரத்த குரலில் செபமாலை சொல்லத் தொடங்கினார். எதிர் வீட்டார் தங்கள் திண்ணையிலிருந்து பதில் சொன்னார்கள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒருவரும் வாசலைத் தாண்டவில்லை. தெரு முழுவதும் செபம் கேட்டது. ஆலயங்கள் திறந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. அங்கே மாதம் இரண்டு ஞாயிறுகள்தாம் என்னால் பூசைக்குப் போக முடிகிறது. மற்ற நாள்களில், அவருக்குப் பகல் ஷிப்டு உள்ள வாரங்களில், மாலை ஏழு மணிக்குச் சிற்றாலயத்தின் படியில் பதினான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் நால்வருடைய தாய் தகப்பன் வெளியூரில் வேலை செய்கிறார்கள், பாட்டி வளர்க்கிறாள்.

2021 மே 10-ல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஆசிரியர் பணியைப் பொதுநிலையினருக்கான திருப்பணியாகவே நிறுவி மடல் எழுதினார். 2022 மே 15-ல் இந்நாட்டின் முதல் பொதுநிலைப் புனிதராகத் தேவசகாயம் உயர்த்தப்பட்டார். எனவே அந்த அம்மாவிடம், முறையாகப் பயிற்சி பெற்றுப் பங்கின் உபதேசியாராகப் பொறுப்பேற்கலாமே என்று கேட்டேன். பெண்ணை உபதேசியார் என்று ஊர் அழைக்குமா என்று அவர் கேட்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள்தாம் கேட்டனர். அவர் கவலை வேறாக இருந்தது.

“அதெல்லாம் நீங்கள் பார்த்துச் செய்யுங்கள், சாமி. இப்போது எனக்கு ஒரு சந்தேகம். ஒரு பையன் கேட்கிறான்: பாட்டி செபம் சொல்லும்போது ‘பிரியதத்தம்’ என்கிறாள், நாம் ‘அருள்’ என்கிறோம், எது சரி என்று. இரண்டும் சரிதான், சாமி வந்ததும் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு மறக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள்.”